மையை அழிக்க முடியாது



சென்ற மாதம் ஒரு நாள், ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தகப்பனார் பள்ளி முடியும் நேரத்தில் என்னைத் தேடி வந்தார். செம்பனைக் குலை வெட்டுபவர். கையில் மகனுடைய கணக்கு நோட்டு.

"பாருங்க சார், பின்பக்கம் பூரா கிறுக்கி வச்சிருக்கான். நல்லா நாலு போடுங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். கத்தியை உருவிய ராஜா. அவர் தோளில் தொங்கும் பிணம். விக்கிரமாதித்தனும் வேதாளமும்! தாத்தா வைத்திருந்த பழைய அம்புலிமாமாவைப் பார்த்து வரைந்தானாம்.

"அம்புலிமாமாவில் இந்தப் படத்தைப் போட்டவர் யார் தெரியுமா, அண்ணே?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நாமும் கதையைத்தானே படித்தோம்? படம் போட்ட கையை எண்ணிப் பார்த்தோமா?

அவர் பெயர் கே. சி. சிவசங்கரன். 'சங்கர்' என்று கையெழுத்திடுவார். 1924இல் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்று, கலைமகள் பத்திரிகையில் வேலை பார்த்து, 1952இல் அம்புலிமாமாவுக்கு வந்தார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அங்கேயே வரைந்தார்.

பென்சிலில் வரைந்தால் மட்டும் அந்தக் காலத்தில் படம் அச்சேறாது. படத்தைத் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' எடுப்பார்கள். அதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. பென்சிலின் சாம்பல் நிறத்துக்கு இடமில்லை. ஆகவே பென்சில் கோட்டின்மேல் கறுப்பு மையால் மறுபடி வரைய வேண்டும். நிழல் வேண்டுமானால் சின்னச் சின்னக் கோடுகளை நெருக்கி இழுக்க வேண்டும். கை தவறினால் ரப்பர் உதவாது.

அமெரிக்கச் சித்திரக் கதைகளில் இந்த மை வேலைக்கென்றே தனி ஆட்கள் உண்டு. அவர்களில் பெயர் பெற்றவர் ஜோ சின்னாட். கடற்படையிலிருந்து திரும்பி, மூன்று ஆண்டுகள் கல்குவாரியில் உழைத்துவிட்டு, பிறகே ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஜாக் கர்பி என்பவர் பென்சிலில் வரைந்த படங்கள் தபாலில் வரும். இவர் வீட்டில் உட்கார்ந்து மையிட்டு அனுப்புவார். 2019இல், 92 வயதில்தான் பேனாவைக் கீழே வைத்தார். மறு ஆண்டு காலமானார்.

அதே 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் சங்கரும் 96 வயதில் மறைந்தார். பத்மஸ்ரீ விருது அவருக்கு 2021இல்தான் கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தகப்பனார், "படம் போட்டா சோறு கிடைக்குமா சார்?" என்றார். நியாயமான கேள்வி.

"எல்லாருக்கும் கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், அண்ணே. கணக்கும் அவனுக்கு வேண்டும். ஆனால் இதற்காக அடிக்க வேண்டாம்" என்றேன்.

பிறகு பையனிடம் வெள்ளைத் தாளில் ராஜாவைப் பென்சிலால் வரையச் சொல்லி, என் கறுப்புப் பேனாவைக் கொடுத்தேன். "இதன்மேல் மையில் போடு. அழிக்க முடியாது, பார்த்துக்கொள்."

கை நடுங்கியது. முதல் தாளில் மூக்கு கோணிப் போயிற்று. இரண்டாவதில் கத்தி வளைந்தது. அவன் அழவில்லை; தானே இன்னொரு தாள் கேட்டான். வகுப்பில் பத்து நிமிடம் அடங்கி உட்காராத பிள்ளை, ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. மூன்றாவது தாளில் ராஜா நிமிர்ந்து நின்றார்.

தகப்பனார் அதுவரை வாசலிலேயே நின்றிருந்தார். தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். புறப்படும்போது மெதுவாகக் கேட்டார்: "இந்தப் பேனா கெப்பாலா பத்தாஸ் கடையில கிடைக்குமா சார்?"

பெற்றோர்களே, கணக்கு நோட்டில் படம் போடுவது தவறுதான். அதற்கு மருந்து பிரம்பல்ல. படம் போட ஒரு தனி நோட்டு. வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளை ஓவியனாகாமல் போகலாம். ஆனால் ஒரு வேலையைப் பொறுமையாக, திருத்தமாகச் செய்து முடிக்கக் கற்றுக்கொள்வான். எந்தத் தொழிலுக்குப் போனாலும் அது கூடவே வரும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.