ஜெரோனிமோவுக்கு அஞ்சலி எழுதாதீர்கள்

போதும் தோழர்களே. ஜெரோனிமோவைப் பற்றி இன்னொரு இரங்கற்பா வேண்டாம். துப்பாக்கியைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, காமிராவை முறைக்கிற அந்தப் புகைப்படத்தை அட்டையில் போட்டு, கீழே 'கடைசி வீரன்' என்று எழுதுவது நம்மவர்களுக்கும் வழக்கமாகிவிட்டது. கவிதை எழுதுகிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த அஞ்சலிக் கவிதைகளில் வெள்ளை அரசுக்கு எரிச்சலூட்டக்கூடிய ஒரு வரிகூடக் கிடையாது. ஏன் இருக்கப்போகிறது? செத்தவனைப் புகழ்வதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்? 1980களில் அமெரிக்க ராணுவமே தன் ஹெலிகாப்டருக்கு 'அபாச்சே' என்று பேர் வைத்துக்கொண்டது. 2011ல் பின்லேடனைக் கொன்ற நடவடிக்கையில் 'ஜெரோனிமோ' என்பது சங்கேதச் சொல். ஓசூர்க் கம்பெனி மோட்டார் சைக்கிள்வரை அந்தப் பெயர் வந்தாயிற்று. பெயரை யாரும் எடுத்துக்கலாம். நிலம் யார் கையில் என்பதுதான் கேள்வி.

பெயரே அவர்களுடையதல்ல. 'அபாச்சே' என்பது சூனி மக்களின் சொல்லிலிருந்து வந்தது, 'எதிரி' என்று அதற்குப் பொருள் என்பது பரவலான கருத்து. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'ந்தே', அதாவது மக்கள். எதிராளி வைத்த பெயர் வரலாறாகிறது; தானே வைத்துக்கொண்ட பெயர் அடிக்குறிப்பாகிறது. லயன் காமிக்ஸும் முத்து காமிக்ஸும் படித்து வளர்ந்த நமக்கு அவர்கள் 'செவ்விந்தியர்'. மலை முகட்டில் புகை எழுப்புவார்கள், குதிரையில் ஊளையிட்டு வருவார்கள், கதாநாயகன் குறி தவறாமல் சுடுவான். அவ்வளவுதான். அவன் ஏன் அங்கே வந்தான், அது யார் ஊர் என்று எந்தப் பக்கத்திலும் கேள்வி வராது.

வங்கியில் கடனுக்கு நிலத்தை அடமானம் வைக்க வருகிறவரிடம் முதலில் மூலப்பத்திரம் கேட்போம், அப்புறம் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். அரிசோனாவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் அப்படி ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பார்த்தால் என்ன?

ஸ்பெயின் உரிமை கொண்டாடியது, அதனிடமிருந்து மெக்சிகோவுக்கு வந்தது என்பார்கள். அபாச்சே மலைகளில் இந்த இருவராலும் நிம்மதியாக ஒரு இரவு தங்க முடிந்ததில்லை. முடியாத ஆத்திரத்தில் சொனோரா மாகாணம் 1835ல் விலைப்பட்டியல் போட்டது: ஓர் அபாச்சே ஆணின் தலைத்தோலுக்கு 100 பெசோ. பிறகு சிவாவா மாகாணம் பெண்ணுக்கும் குழந்தைக்கும் தனித்தனி ரேட் வைத்தது. இந்த மக்களைப் பற்றி அரசு எழுதிய முதல் கணக்குப் புத்தகங்களில் ஒன்று இது. 1848ல் போரில் தோற்ற மெக்சிகோ தன் வசத்தில் இல்லாத இந்த நிலத்தையும் சேர்த்து அமெரிக்காவுக்கு எழுதிக்கொடுத்தது. 1853ல் தெற்குப் பகுதியையும் விற்றது. விற்றவனும் வாங்கினவனும் கையெழுத்துப் போட்டார்கள், குடியிருந்தவனைக் கேட்கவில்லை. எங்கள் மேனேஜர் என்றால் இந்தப் பத்திரத்தைத் தூக்கி எறிந்திருப்பார்.

1852ல் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. அபாச்சே தலைவர் மாங்கஸ் கொலராதாஸ் அதில் தன் குறியை இட்டிருக்கிறார். அமெரிக்க அரசு தனக்கு வசதிப்பட்டதும் சீக்கிரமே அவர்களின் எல்லையை வகுத்து முடிவு செய்து தரும் என்பது அதில் ஒரு ஷரத்து. 'வசதிப்பட்டதும்' என்ற சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி வரவே இல்லை. 1863 ஜனவரியில் சமாதானம் பேச என்று வெள்ளைக் கொடி காட்டிக் கூப்பிட்டு அதே மாங்கஸ் கொலராதாஸைப் பிடித்தார்கள். சூடேற்றிய துப்பாக்கிக் கத்தியால் காலில் சுட்டுச் சீண்டினார்கள், அவர் எழுந்து கேட்டதும் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்றார் என்று அறிக்கை எழுதினார்கள் (இந்த வாசகம் நமக்குப் புதுசா என்ன?). தலையை வெட்டி, வேகவைத்து, மண்டையோட்டைக் கிழக்கே ஒரு கபால சாஸ்திரிக்கு அனுப்பினார்கள். காட்டுமிராண்டி என்று யாரைச் சொன்னோம்?

இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1861ல், அவருடைய மருமகன் கொச்சீஸுக்கும் இதே வரவேற்புதான். பாஸ்கம் என்ற இளம் அதிகாரி பேச்சுவார்த்தைக்கு என்று கூடாரத்துக்குள் அழைத்து, ஒரு சிறுவனைக் கடத்திவிட்டதாகக் குற்றம் சாட்டிச் சிறைபிடிக்கப் பார்த்தான். கடத்தியது வேறு குழு. கொச்சீஸ் கூடாரத் துணியைக் கிழித்துத் தப்பினார். அடுத்த சில நாட்களில் இரு பக்கமும் பிணைக்கைதிகளைக் கொன்றார்கள். தூக்கிலிடப்பட்டவர்களில் கொச்சீஸின் சகோதரரும் உண்டு. அபாச்சேக்கள் கொன்றார்கள், கொள்ளையடித்தார்கள், இதை மறைக்கிறவன் அவர்களுக்கு நண்பனல்ல. அவர்கள் புனிதர்களாக இருந்தால்தான் அவர்கள் நிலம் அவர்களுக்குச் சொந்தமா?

சமாதானமாகப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? எஸ்கிமின்சின் தலைமையில் அரவைபா அபாச்சேக்கள் 1871ல் கேம்ப் கிராண்ட் முகாமில் வந்து ராணுவத்திடம் அடைக்கலம் கேட்டார்கள். ராணுவக் குதிரைகளுக்குப் புல் அறுத்துக் கூலி வாங்கிப் பிழைத்தார்கள். ஏப்ரல் 30 விடியற்காலை, டூசான் ஊரிலிருந்து வந்த கும்பல் தூங்கிக்கொண்டிருந்தவர்களை வெட்டியும் அடித்தும் கொன்றது. அன்றைய கணக்கில் 144 பேர். அதில் ஆண்கள் 8 பேர்தான், மற்றதெல்லாம் பெண்களும் பிள்ளைகளும். ஏறத்தாழ 30 குழந்தைகளைப் பிடித்துப் போனார்கள். அந்தக் கும்பலில் வெள்ளையர்கள் ஆறேழு பேர். மீதிப்பேர் மெக்சிகோ வம்சாவளியினரும், அபாச்சேக்களோடு பழைய பகை உள்ள தோகோனோ ஓதம் பழங்குடியினரும். யார் கையில் யாரைக் கொல்ல ஆயுதம் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். துப்பாக்கி சப்ளை மட்டும் பிரதேச அரசாங்கத்து ஆளிடமிருந்து வந்தது. வழக்கு நடந்தது, 100 பேர் குற்றவாளிக் கூண்டில். ஜூரிகள் யோசித்தது 19 நிமிஷம். அத்தனை பேரும் விடுதலை.

அதே 1871ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: இனி பழங்குடி இனங்களோடு உடன்படிக்கை கிடையாது. நம் வீரகாதைக்காரர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடம் இதுதான். எந்தப் பீரங்கியும் செய்யாததை இந்தச் சட்டம் செய்தது. உடன்படிக்கை என்றால் இரண்டு தரப்பு, இரண்டு கையெழுத்து. இனிமேல் ஜனாதிபதியின் ஆணை மட்டும்தான். ஒரு கையெழுத்தில் கொடுக்கலாம், ஒரு கையெழுத்தில் பிடுங்கலாம்.

பிடுங்கினார்கள். 1872ல் ஜெனரல் ஹோவர்ட் மலைக்குள் போய் கொச்சீஸைச் சந்தித்தார். சிரிகாவா மலையும் டிராகூன் மலையும் உங்களுக்கே என்று வாய்வார்த்தை. டிசம்பரில் ஜனாதிபதி ஆணை வந்தது. கொச்சீஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், 1874ல் இறந்தார். 1876ல் ஒரு சாராய வியாபாரியும் கூட்டாளியும் கொல்லப்பட்டதைச் சாக்காக வைத்து அந்த ஒதுக்கிடத்தையே ரத்து செய்தார்கள். அதே மாதிரி ஒரு காகிதம், அதே மாதிரி ஒரு கையெழுத்து. மக்களை வடக்கே சான் கார்லோஸுக்கு ஓட்டினார்கள். வெக்கை, மலேரியா, புழுதி, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத பல குழுக்கள் ஒரே பட்டியில். ஆளுக்கொரு உலோக வில்லை, அதில் எந்தக் குழு, எத்தனாம் நம்பர் என்று பொறித்திருக்கும். வில்லையைக் காட்டினால் ரேஷன். அந்த ரேஷனையும் ராணுவச் சரக்கையும் சப்ளை செய்து கொழுத்தது டூசான் காண்ட்ராக்டர் கும்பல். சண்டை ஓய்ந்தால் அவர்களுக்கு வியாபாரம் ஓய்ந்துவிடும். அந்தச் சான் கார்லோஸையும் முழுசாக விடவில்லை. வெள்ளி கிடைத்ததா, அந்த மூலையை வெட்டு. தாமிரம், நிலக்கரி கிடைத்ததா, இந்த மூலையை வெட்டு.

விக்தோரியோவும் அவர் தங்கை லோசெனும், பிறகு ஜெரோனிமோவும் உடைத்துக்கொண்டு வெளியேறியது இந்தப் பட்டியிலிருந்துதான். 'போர் வெறி' என்று எழுதிவைத்தார்கள். விக்தோரியோ கேட்டது தன் வெந்நீரூற்று ஊருக்குத் திரும்பிப் போக அனுமதி. அவ்வளவுதான். 1880ல் மெக்சிகோவில் அவரையும் கூட்டத்தையும் கொன்றார்கள். 1886ல் ஜெரோனிமோவோடு இருந்தவர்கள் பெண்கள் பிள்ளைகள் உட்பட 40 பேருக்கும் குறைவு. தேடியவர்கள் 5000 அமெரிக்கச் சிப்பாய்கள். கண்டுபிடித்தது அவர்கள் அல்ல. கயித்தா, மார்ட்டீன் என்ற இரண்டு சிரிகாவா சாரணர்கள் மலையேறிப் போய்ப் பேசினார்கள். குடும்பத்தோடு சேர்த்துவைப்போம், இரண்டு வருஷத்தில் ஊர் திரும்பலாம் என்று வாக்குறுதி. செப்டம்பர் 4 சரண்.

ரயில் ஏற்றப்பட்டவர்கள் யார் தெரியுமா? சரணடைந்தவர்கள் மட்டுமல்ல. சண்டைக்கே போகாமல் சோளம் விதைத்துக்கொண்டிருந்த சிரிகாவாக்கள் எல்லோரும். வாஷிங்டன் போய் மெடல் வாங்கிவந்த சாட்டோ. ராணுவச் சம்பளத்தில் உளவு பார்த்த சாரணர்கள். ஜெரோனிமோவைக் கொண்டுவந்து சேர்த்த அதே கயித்தாவும் மார்ட்டீனும். ஏறத்தாழ 500 பேர், போர்க்கைதிகள் என்ற பெயரில், ஃபுளோரிடாவின் ஈரக்காற்றுக்கு. ஆண்களை ஒரு கோட்டையிலும் பெண்டு பிள்ளைகளை வேறொரு கோட்டையிலும் அடைத்தார்கள். பிள்ளைகளைப் பிரித்து பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்கு அனுப்பினார்கள்; முடியை வெட்டினார்கள், மொழியைத் தடுத்தார்கள், பலர் காசநோயில் செத்தார்கள். அந்த இரண்டு வருஷம் 27 வருஷமாயிற்று. கைதிகளாகவே பிறந்த குழந்தைகள் உண்டு. 1905ல் ரூஸ்வெல்ட் பதவியேற்பு ஊர்வலத்தில் ஜெரோனிமோவைக் குதிரையில் ஏற்றி வேடிக்கை காட்டினார்கள். அவர் ஜனாதிபதியிடம் கேட்டது, என்னை அரிசோனாவுக்கு அனுப்புங்கள் என்று. முடியாது என்று பதில். 1909ல் கைதியாகவே இறந்தார். மற்றவர்களுக்கு 1913ல் விடுதலை, ஆனால் அரிசோனாவுக்கு இல்லை.

பிற்பாடு, 1946ல், நஷ்டஈடு கேட்க ஒரு ஆணையம் வைத்தார்கள். அது பணம் மட்டும்தான் தரும், நிலம் தராது. அதுவும் பிடுங்கின காலத்து விலை. வட்டி? பொதுவாகக் கிடையாது. நூறு வருஷக் கடனுக்கு வட்டியில்லாமல் முதல் மட்டும் திருப்பித் தருகிற சலுகையை எந்த வங்கி யாருக்குக் கொடுத்திருக்கிறது?

ஆக, 'கடைசி' என்று எங்கே எழுதுவது? அரிசோனாவில் சுப்பீரியர் ஊருக்குப் பக்கத்தில் ஓக் ஃப்ளாட் என்று ஓர் இடம். அபாச்சேக்களுக்கு அது சிச்சில் பில்தகோதீல். பருவமெய்திய பெண்களுக்கு நான்கு நாள் சடங்கு செய்கிற மண். அடியில் தாமிரம் இருக்கிறது. 1955ல் அங்கே சுரங்கம் கூடாது என்று அரசே ஒதுக்கிவைத்தது. 2014 டிசம்பரில், ராணுவச் செலவு மசோதாவுக்குள் ஒரு பிரிவைச் சொருகி, அந்த நிலத்தை ரியோ டின்டோவும் பிஎச்பியும் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு மாற்றிக்கொடுக்க வழி செய்தார்கள். சுரங்கம் வந்தால் ஏறத்தாழ இரண்டு மைல் அகலத்துக்கு மண் உள்வாங்கும் என்பது அரசின் சொந்த ஆய்வறிக்கை. மதச் சுதந்திரம் என்று சொல்லி அபாச்சேக்கள் வழக்குப் போட்டார்கள். 1852 உடன்படிக்கையையும் எடுத்துவைத்தார்கள். 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் தள்ளியது. நிலம் அரசுடையது, அந்த உடன்படிக்கை இந்த விஷயத்தில் அரசைக் கட்டிப்போடாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. ஆகஸ்டில், வேறு வழக்குகளில், கைமாறுவதற்கு முந்தின நாள் இடைக்காலத் தடை வாங்கினார்கள். அந்த வழக்குகளில் ஒன்றைப் போட்டது சான் கார்லோஸ் அபாச்சே இனத்தின் அரசு, வில்லை கொடுத்து எண்ணப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்.