ஆஃப்-ரோடு வண்டி வாங்கப் போறீங்களா? பின்னாடி சேர்க்க முடியாததுக்கு முதல்ல காசு கொடுங்க



கார் லோன் வீடியோ போட்டதுல இருந்து நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்கறீங்க. "ப்ரோ, ஆஃப்-ரோடுக்கு ஒரு வண்டி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமா பில்ட் பண்ணலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்?"

ஆசை தப்பே இல்ல, எனக்கும் இருக்கு. ஆனா பதில் சொல்றதுக்கு முன்னாடி என் நண்பன் கதையைக் கேளுங்க.

2023-ல மஹிந்திரா தார் 4×2 வந்தப்போ உடனே புக் பண்ணினான். 4×4-ஐ விட சில லட்சம் கம்மி, வெளிய பார்த்தா ரெண்டும் ஒண்ணுதானேன்னு ஒரு கணக்கு. மிச்சமான காசுல பெரிய டயர், இரும்பு பம்பர், கூரை மேல லைட்டுன்னு ரெண்டு லட்சம் போட்டான். காசு பத்தாம அவசர நிதியையும் உடைச்சான். முதல் மழைக்கு ஒரு தோப்புக்குள்ள இறக்கினான். வண்டி சேத்துல உக்காந்துடுச்சு. டிராக்டர் கட்டி இழுத்த அண்ணன் கேட்டாராம்: "தம்பி, முன் சக்கரம் சும்மாதான் வருதா?"

சும்மாதான் வருது. 4×2-ல பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பவர் போகும்.

என் கருத்து இதுதான்

டயரை நாளைக்கு மாத்தலாம், லைட்டை அடுத்த வருஷம் போடலாம். ஆனா முன் சக்கரத்துக்குப் பவர் கொண்டு போற அமைப்பையும், வண்டியை ரொம்ப மெதுவா, அதிக இழுவையோட நகர்த்துற லோ ரேஞ்ச் கியரையும் பின்னாடி சேர்க்கறது நடைமுறையில ஆகாத காரியம். அதனால பட்ஜெட் முழுக்க முதல்ல அதுக்குப் போகட்டும். அலங்காரம் அப்புறம்.

அப்படிப் பார்த்தா புதுசுல மூணு வண்டிதான் முக்கியம். மாருதி ஜிம்னியில எல்லா வேரியன்ட்லயும் 4×4, லோ ரேஞ்ச் உண்டு. எடை சுமார் 1,200 கிலோதான், அதனால சேறு, மணல்ல அதிகம் புதையாது. தார்ல 4×4 வேரியன்ட்டான்னு பார்த்து வாங்குங்க. தார் ராக்ஸ் 2024-ல வந்தப்போ 4×4 டீசல்ல மட்டும்தான் இருந்தது. ஃபோர்ஸ் கூர்க்காவுல முன், பின் ரெண்டு டிஃபரன்ஷியலுக்கும் லாக், ஸ்நார்கல் எல்லாமே கம்பெனியிலேயே வந்துடும். ஆனா தினமும் ஆபீஸ் டிராஃபிக்ல ஓட்ட அது கொஞ்சம் முரடு.

பில்ட்ல ஒளிஞ்சிருக்கற செலவு

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறைன்னு 2019 திருத்தத்துல இருக்கு. முன்னாடி மாட்டற இரும்பு கார்டுக்கு எதிரா நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017-லயே மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. ஏர்பேக் சரியான நேரத்துல விரியாம போகலாம்ங்கறது அதுக்கு ஒரு காரணம். இதை விட முக்கியம், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம மாத்தினா க்ளெய்ம் அடிபடலாம்.

அதனால குறைவா மாத்தினாலே போதும்ங்கற வண்டிதான் நல்ல பில்ட் வண்டி. ஆரம்பத்துல கம்பெனி அனுமதிச்ச அளவுல நல்ல ஏ.டி. டயர், காத்து அடிக்க சின்ன கம்ப்ரஸர், இழுக்கறதுக்கு ஒரு ஸ்ட்ராப், ஒரு நாள் டிரைவிங் பயிற்சி. இது போதும். மணல்ல டயர் காத்தைக் குறைக்கத் தெரிஞ்சவன், பெரிய டயர் போட்டவனைத் தாண்டிப் போயிடுவான்.

இப்போ கணக்கு

12 லட்சம் லோன், 9.5% வட்டி, 7 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 19,600 ரூபாய். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட நாலரை லட்சம். இந்த வண்டியை ஆஃப்-ரோடுக்காக மட்டும் வாங்கி, வருஷத்துக்கு ஆறு தடவை போனீங்கன்னா, ஒரு ட்ரிப்புக்கு 39,000 ரூபாய் ஆகுது. டீசல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் தனி. தினமும் அதே வண்டியில ஆபீஸ் போனா இந்தக் கணக்கு மாறும், ஒத்துக்கறேன். போகலைன்னா, முதல் வருஷம் நாலு தடவை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்க. அப்பவும் ஆசை தீரலைன்னா தைரியமா வாங்குங்க.

என் விதி இதுதான்: ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தொடக் கூடாது. ஆக்சஸரிக்கு கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. கூடவே கூடாது. அந்த மாச மிச்சத்துல எது வாங்க முடியுதோ அதுதான் அந்த மாச பில்ட்.

ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்? அடுத்த வருஷம் என் நண்பனுக்கு வேலை போச்சு. அவசர நிதி ஏற்கெனவே பம்பரா மாறிடுச்சு. மூணு மாசம் இ.எம்.ஐ. கட்டினது ரிட்டயர்டான அவன் அப்பா. பம்பரை விக்கப் போனா கால் விலைக்குக் கூட யாரும் கேட்கலை.

சேத்துல மாட்டினா இழுக்க ஒரு டிராக்டர் வரும். கடன்ல மாட்டினா பெரும்பாலும் வீட்ல இருக்கறவங்கதான் இழுக்கணும். அதை யோசிச்சுட்டு ஷோரூமுக்குப் போங்க.