மழை படாத கழனிகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். வானை நம்பியே உழவு என்னும் உண்மை அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால், மழைத்துளி ஒன்றுகூட நேராகப் படாத கழனிகள் இன்று உலகெங்கும் பெருகி வருகின்றன. கண்ணாடியாலும் பிளாஸ்டிக் தாளாலும் கூரையிட்ட இக்கழனிகளையே பசுமைக்குடில்கள் என்கிறோம்.

இதனை விஞ்ஞானத்தின் வெற்றி என்று புகழ்வோர் பலர். செல்வர்களின் விளையாட்டு என்று இகழ்வோரும் உளர். இரண்டுமே அரைகுறைத் தீர்ப்புகள் என்பது என் கருத்து. பசுமைக்குடில் உழவனை வானத்தின் பிடியிலிருந்து விடுவிக்கிறது. ஆனால் வேறு சிலவற்றின் பிடியில் ஒப்படைக்கிறது. அவை எவை, அவற்றின் சுமையைத் தாங்குவோர் யார் என்று கேட்ட பின்னரே நாம் தீர்ப்புக் கூற வேண்டும்.

எண்ணம் பழையது

உரோமாபுரிப் பேரரசர் தைபீரியசின் உணவில் வெள்ளரிக்காய் இல்லாத நாளே இல்லையாம். அதற்காகச் சக்கரம் பூட்டிய பாத்திகளில் கொடி வளர்த்து, குளிர் நாட்களில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளின் கீழ் வைத்தார்கள் என்று பிளினி எழுதியுள்ளார். பின்னாளில் ஐரோப்பியப் பிரபுக்களின் தோட்டங்களில் கண்ணாடி வீடுகள் எழுந்தன. 1851-இல் இலண்டனில் பளிங்கு மாளிகையை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன், அத்தகைய கண்ணாடி வீடுகளைக் கட்டிப் பழகிய ஒரு தோட்டக்காரரே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவான பிளாஸ்டிக் தாள் வந்தது. அரசர் வீட்டுப் பொருள் குடியானவன் கைக்கும் எட்டியது.

குடிலுக்குள் வெப்பம் ஏன் கூடுகிறது? வெயில் மண்ணைச் சூடாக்குகிறது. மண் காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்று மேலெழுந்து போகாதபடி கூரை தடுக்கிறது. 1909-இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற இயற்பியல் அறிஞர் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிர்களைத் தடுக்காத பாறை உப்புத் தகட்டாலும் மூடிச் சோதித்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. ஆகவே, வளிமண்டலத்தைப் பற்றி நாம் பேசும் ‘பசுமை இல்ல விளைவு’ வேறு, குடிலுக்குள் நிகழ்வது பெரும்பாலும் வேறு. பெயர்தான் ஒன்று!

பாலையில் ஒரு வெண்கடல்

இத்தொழிலின் நன்மை தீமை இரண்டையும் ஒருசேரக் காண விரும்புவோர் ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவை நோக்க வேண்டும். அங்கே ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். ஒரு காலத்தில் அந்நாட்டின் மிக வறிய பகுதிகளுள் ஒன்று. 1950-களில் அரசு கிணறுகள் தோண்டி, வெளியூர்க் குடும்பங்களுக்குச் சிறு சிறு நிலங்களை வழங்கிக் குடியேற்றியது. உழவர்கள் மண்ணின் மேல் எருவிட்டு, அதன் மேல் கடல் மணலைப் பரப்பிப் பயிர் செய்தனர். 1960-களில் அதற்கு மேல் பிளாஸ்டிக் கூரை எழுந்தது.

இன்று அங்கே 30,000 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 75 ஆயிரம் ஏக்கர், கூரைக்குக் கீழ் இருக்கிறது. விண்வெளிப் படங்களில் அது ஒரு வெண்திட்டாகத் தெரிகிறது. ஐரோப்பாவின் குளிர்காலத் தக்காளியிலும் குடைமிளகாயிலும் வெள்ளரியிலும் பெரும்பங்கு இங்கிருந்துதான் செல்கிறது. இவற்றை விளைவிப்போரில் பெரும்பாலோர் சில ஏக்கர் மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்தினர். விற்பனைக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. வெண்கூரைகள் வெயிலைத் திருப்பி அனுப்புவதால், 1983 முதல் 2006 வரை அப்பகுதியின் வெப்பநிலை பத்தாண்டுக்குச் சுமார் 0.3 டிகிரி குறைந்து வந்தது என்று 2008-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறியது. ஏழை உழவன் கூடிச் செயல்பட்டால் பாலையும் பொன் விளைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆனால் இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது. இன்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை நாட வேண்டியதாயிற்று. கூரைத் தாள் மூன்றாண்டுகளில் நைந்துவிடும். கிழிந்த தாள் ஓடைகளிலும் கடலிலும் சேர்கிறது. 2012-இல் அருகிலுள்ள கிரனாடா கடற்கரையில் இறந்து ஒதுங்கிய திமிங்கிலத்தின் வயிற்றில் சுமார் 17 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. அதில் பெரும்பகுதி பசுமைக்குடில் தாள்.

பறிப்பவர் யார்?

குடில்களில் வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் மொராக்கோவிலிருந்தும் பிற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்த ஏழைகள். அவர்களுள் பலர், உரிய ஆவணம் இன்றி, பழைய கூரைத் தாளையும் மரப்பலகைகளையும் கொண்டு கட்டிய குடிசைகளில் வாழ்கின்றனர். 2000 பிப்ரவரியில் எல் எஹிதோ நகரில் மொராக்கோத் தொழிலாளரின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 2023 ஜனவரியில் நிஹார் வட்டாரத்தில் எல் வாலிலி என்ற குடிசைப் பகுதி இடித்துத் தள்ளப்பட்டது.

இதனோடு இன்னொரு செய்தியை ஒப்பிட்டுப் பாருங்கள். 2006-இல் அல்மேரியாக் குடைமிளகாயில் தடைசெய்யப்பட்ட பூச்சிக்கொல்லியின் எச்சம் கண்டறியப்பட்டது. வாங்குவோர் முகம் சுளித்தனர். அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே குடைமிளகாய்க் குடில்களில் பெரும்பாலானவை மருந்தைக் குறைத்து, தீய பூச்சிகளைத் தின்னும் நல்ல பூச்சிகளை விடும் முறைக்கு மாறின! மாறவே முடியாது என்று எதுவும் இல்லை என்பது இதனால் விளங்கும். காயில் நஞ்சு இருந்தால் உண்பவன் கேட்கிறான். அந்தக் காயைப் பறித்தவன் நேற்றிரவு எங்கே உறங்கினான் என்று அவன் கேட்பதில்லை. கேட்ட குறை தீர்ந்தது. கேளாத குறை நிற்கிறது.

இடத்திற்கேற்ற குடில்

ஹாலந்தில் வேறு கதை. 1959-இல் குரோனிங்கன் பகுதியில் இயற்கை எரிவாயு கிடைத்தது. கண்ணாடிக் குடில்களை அது சூடாக்கியது. கரியமில வாயுவையும் உள்ளே செலுத்தி, ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 50 கிலோவுக்கு மேலும் தக்காளி எடுக்கின்றனர். ஆனால் 2022-இல் எரிவாயு விலை ஏறியபோது பல குடில்களில் பயிரிடாமல் விட்டனர். எரிவாயு எடுத்ததால் நிலநடுக்கங்கள் ஏற்பட்டு, 2023 அக்டோபரில் குரோனிங்கன் வயலில் உற்பத்தியே நின்றது. சீனத்தின் ஷோகுவாங் வட்டாரத்திலோ, 1989 முதல் பரவிய குடிலுக்கு வடபுறம் ஒரு தடித்த சுவர் உண்டு. பகல் வெயிலைச் சேமித்து வைத்து இரவில் அது வெப்பம் தருகிறது. இரவில் கூரை மேல் வைக்கோல் பாயும் விரிப்பார்கள். எரிபொருள் செலவு மிகக் குறைவு.

நம் நாட்டில் ஓசூரின் ரோஜாக் குடில்களை அனைவரும் அறிவர். நமது சிக்கல் குளிரன்று, வெப்பம். வெப்பத்தைச் சேர்க்கும் குடிலை அப்படியே இறக்குமதி செய்வது நமக்குப் பொருந்தாது. காற்றோட்டமுள்ள குடிலும் நிழல்வலைக் கூடாரமுமே பொருந்தும். அரசு பாதித் தொகையை மானியமாக அளிக்கிறது. மீதிப் பாதியைப் புரட்டக்கூடியவர் யார்? என் தந்தை பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர். குடில் வந்தால் அவரைப் போன்றோருக்கு ஆண்டு முழுதும் வேலை கிடைக்கலாம். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் மூடிய கூரைக்குக் கீழ், வெக்கையிலும் மருந்து நெடியிலும் நிற்கப் போகிறவரும் அவரே.

எனவே மானியத்தோடு நிபந்தனைகளும் வேண்டும். முதலாவது, கூரை மழைநீரைச் சேமிக்கும் குட்டை. ஓர் ஏக்கர் கூரை சுமார் 4,000 சதுர மீட்டர். 900 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் அதில் விழுவது 36 லட்சம் லிட்டர்! இதை ஓடவிட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டுவது அறிவுடைமையாகுமா? இரண்டாவது, நைந்த தாளை விற்றவரே திரும்பப் பெறும் ஏற்பாடு. மூன்றாவது, சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்தால் முன்னுரிமை. நான்காவது, உள்ளே உழைப்போருக்கு உரிய கூலி, குடிநீர், நிழல், மருந்து தெளிக்கும்போது பாதுகாப்பு.

இவற்றால் செலவு கூடும் என்பர். கூடட்டும், அது புதிய செலவன்று. இன்று நீரும் கடலும் கூலியாளும் கணக்கில் வராமல் கொடுத்துக்கொண்டிருக்கும் தொகைதான் அது. அதைக் கணக்கில் எழுதச் சொல்கிறேன், அவ்வளவே.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வயலிலிருந்து நேரே இவ்வகுப்பறைக்கு வந்தவர்கள். நாளை நம்மில் சிலர் வேளாண் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் அமர்ந்து இத்தகைய விண்ணப்பங்களில் கையெழுத்திடக்கூடும். அப்போது எத்தனை டன் விளையும் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தாள் எங்கே போகிறது, பறிப்பவர் எங்கே உறங்குகிறார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்போம். பெற்றோர் வெயிலில் நின்று நம்மைப் படிக்க வைத்ததற்கு அதுவே நாம் செய்யும் கைம்மாறு.