முப்பத்தாறு விழுக்காட்டின் திறமை

சில ஆண்டுகளுக்கு முன் பெங்களூரு விடுதியில் எனக்கு இளையவரான ஓர் ஆய்வு மாணவர் ஒரு தாளை நீட்டினார். முந்தைய இரவு இணையத்தில் ஆடிய பாட்-லிமிட் ஒமாஹா ஆட்டத்தின் கணக்கு அது. “அண்ணா, நான் தொடர்ந்தது சரிதானே?” என்று கேட்டார். இந்நாட்டின் நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டாக விவாதித்துவரும் சிக்கல் அந்தக் கேள்விக்குள் இருந்ததை அன்று நான் உணரவில்லை.

ஒமாஹாவில் கைக்கு நான்கு சீட்டுகள். அவற்றுள் சரியாக இரண்டையும் பொதுச் சீட்டுகளில் மூன்றையும் சேர்த்தே ஐந்து சீட்டுக் கை அமைய வேண்டும். மாணவரிடம் ஆட்டின் ஒன்பதும் ஆறும் இருந்தன. முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் இரண்டு ஆட்டின். இன்னும் ஓர் ஆட்டின் விழுந்தால் ஃபிளஷ். அவர் காணாத 45 சீட்டுகளில் ஆட்டின் 9. மீதமுள்ள இரண்டு சீட்டுகளுக்குள் ஒன்றேனும் விழும் வாய்ப்பு 36.4 விழுக்காடு. நடுவில் 100 ரூபாய் இருக்க, எதிராளி அனுமதிக்கப்பட்ட உச்சமான 100 ரூபாயைக் கட்டினார். 100 போட்டு 300-க்கு ஆடுவதற்கு 33.3 விழுக்காடு போதும். எனவே தொடர்ந்தார்.

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. முடிவில் இரண்டு பிழைகள் இருந்தன. முதலாவது, 36 என்ற எண் இரண்டு சீட்டுகளையும் பார்ப்பவருக்கே உரியது. அடுத்த சீட்டு ஆட்டினாக அமையவில்லை; எதிராளி மீண்டும் உச்சத் தொகை கட்டினார்; மாணவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். ஆக அவர் விலைகொடுத்து வாங்கியது ஒரே சீட்டு. அதன் வாய்ப்பு 20 விழுக்காடு. இரண்டாவது, ஒன்பதில் தொடங்கும் ஃபிளஷ், பலரும் நான்கு சீட்டுகள் வைத்திருக்கும் மேசையில் பெரிய ஃபிளஷிடம் தோற்கக்கூடியது. நினைத்த சீட்டே வந்து கூடுதல் பணத்தை இழக்கும் நிலை அது.

இதற்கு நேர்மாறான கையும் உண்டு. வெவ்வேறு இனங்களில் 9, 8, 2 விழுந்திருக்க, கையில் ஜாக், 10, 7, 6 இருந்தால் 20 சீட்டுகள் ஸ்ட்ரெயிட்டை முடித்துத் தரும். அவற்றுள் 14 சீட்டுகள், அடுத்ததாக விழும்போது, அந்தத் தருணத்தில் எவராலும் வெல்ல முடியாத கையைத் தரும். இவ்விரு கைகளையும் பிரித்தறிவது திறமை என்பதில் எனக்கு ஐயமில்லை. மகாபாரதத்தில் இருதுபன்னன் தான்றி மரத்தின் இலையையும் காயையும் எண்ணாமல் கணித்துச் சொல்கிறான். அந்த வித்தையைக் கற்ற நளன், சூதில் இழந்த நாட்டைச் சூதிலேயே மீட்கிறான். கணிதத்துக்கும் சூதுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

நம் சட்டமும் திறமையைத்தான் அளவுகோலாகக் கொண்டது. 1968-இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்றது. 2013-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் திறமையாட்டமாக ஆடப்படும் போக்கருக்கு உரிமம் தேவையில்லை என்றது. இணையப் பந்தய ஆட்டங்களைத் தடுக்கக் கர்நாடகம் 2021-இல் கொண்டுவந்த திருத்தத்தின் முக்கியப் பிரிவுகளை அதே நீதிமன்றம் 2022 பிப்ரவரி 14 அன்று நீக்கியது. 2017-இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டம் என்றே கருதியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையோ வாய்ப்போ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் தடை என்றது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தை அடைந்துள்ளன.

என் கருத்து இரு தரப்புக்கும் உவப்பாக இராது. “திறமையா, வாய்ப்பா?” என்ற கேள்வி ஆட்டத்தின் இயல்பைச் சொல்லும், ஆடுபவர் படும் கேட்டைச் சொல்லாது. மாணவர் முதலிலேயே முழுப்பணத்தையும் வைத்திருந்தார் என்றே கொள்வோம். 36.4-க்கும் 33.3-க்கும் இடையிலான மூன்று விழுக்காடுதான் அவர் திறமையின் ஊதியம். ஆட்டத்தை நடத்துபவர் நடுத்தொகையில் ஐந்து விழுக்காடு எடுத்துக்கொண்டால் 300 என்பது 285 ஆகும். தேவையான வாய்ப்பு 35.1 ஆக உயரும். ஊதியத்தில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும். எஞ்சிய சிறு மிகை பல்லாயிரம் ஆட்டங்களில்தான் வெளிப்படும். உதவித்தொகையைக் கொண்டு ஆடுபவரால் அதுவரை தாக்குப்பிடிக்க முடியாது. சரியான முடிவுகளையே எடுத்தும் ஒருவர் ஓட்டாண்டி ஆகலாம் என்பதையும் நிகழ்தகவே கற்பிக்கிறது.

ஆகவே திறமை என்ற ஒரு சொல்லை வைத்துக் கதவை முழுதும் திறந்தது தவறு. அந்தச் சொல்லையே பொருட்படுத்தாமல் முழுதும் அடைப்பதும், சட்டத்தின் கண்ணுக்கு எட்டாத மேசைகளுக்கு ஆட்களை அனுப்பிவிடக்கூடும். ஒருவர் ஒரு மாதத்தில் எவ்வளவு இழக்கலாம், நடத்துபவர் எவ்வளவு எடுக்கலாம் என்பவற்றுக்கு வரம்பு வகுப்பதே சட்டம் முதலில் செய்ய வேண்டிய வேலை.

அன்று அந்த மாணவரின் இரண்டு பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன். அவர் மகிழ்ச்சியோடு போய் மேலும் நன்றாக ஆடினார். அந்தப் பருவத்தின் உதவித்தொகையை மேலும் நன்றாகவே இழந்தார். அவர் கட்டிய 100 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதை நான் கேட்டிருக்க வேண்டும்.