கூத்துக்கு ஒரு மணி நேரந்தானா?

மட்டுநகர்க் கலைவிழாக்களிற் கூத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரமே ஒதுக்கப்படுகின்றது. பேச்சாளர்க்கோ அக்கட்டுப்பாடு இல்லை! 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தைச் சுருக்கி மேடையேற்றியமையாற் கற்றோரும் கூத்தை மதிக்கத் தொடங்கினர் என்பது உண்மையே. ஆயினும் கூத்தின் தாய்வீடு வட்டக்களரியன்றோ? வேளாண்மை வெட்டி முடிந்தபின், ஊரே சூழ்ந்திருக்க, வடமோடியும் தென்மோடியும் விடியும்வரை ஆடப்படும் இடம் அது. சட்டங்கொடுத்து, மாதக்கணக்கில் ஆட்டம் பழக்கும் அண்ணாவியார் இன்றேல் நகர மேடையிலும் கூத்து இல்லை. அவருக்கு நாம் அளிப்பது பொன்னாடை ஒன்று. அது அடுப்பெரிக்க உதவாது. விழாக் குழுவினரே, ஆண்டுக்கு ஓரிரவேனும் நகர் நடுவே களரி கட்டுங்கள். செலவுக் கணக்கின் முதல் வரியில் அண்ணாவியாரின் ஊதியத்தை எழுதுங்கள்.