வட்டமேசை என்றால் சமத்துவமாம், வெங்காயம்!

போன வருடம் எங்கள் வாசிப்புக் குழுவில் யாருக்கோ ஒரு யோசனை வந்தது. எத்தனை நாள்தான் கதை, கவிதை என்று உட்கார்ந்திருப்பது, நேஷனல் கேலரிக்குப் போய் ஓவியம் பார்க்கலாமே என்று. நல்ல யோசனைதான். ஆனால் சும்மா போனால் பிள்ளைகளுக்குப் போரடிக்கும் என்று ஒரு புதையல் வேட்டைத் தாளும் தயாரானது. இருபது கேள்விகள். ஓவியங்களில் 'ஒளிந்திருப்பதை'க் கண்டுபிடித்து எழுத வேண்டும். முதலில் முடிக்கும் அணிக்குப் புத்தகக் கூப்பன்.

அந்தத் தாளைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். இதைச் சொல்லிவிட்டுத்தான் திட்ட ஆரம்பிக்க வேண்டும்.

ஏழாவது கேள்வி சுவா மியா டீ வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' பற்றியது. 1959இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற வருடம் அது. மலாய் தேசிய மொழியாகிறது. ஒரு வட்டமேசையைச் சுற்றிப் பெரும்பாலும் சீன முகங்கள், நின்று பாடம் நடத்தும் மலாய் ஆசிரியர், பின்னால் கரும்பலகை. பலகையில் இரண்டே கேள்விகள். 'சியாபா நாமா காமு?' உன் பெயர் என்ன? 'டி மானா அவாக் திங்கல்?' நீ எங்கே வசிக்கிறாய்?

நாங்கள் கேட்டிருந்தது: 'வட்டமேசை எதைக் குறிக்கிறது?' விடை: சமத்துவம். என் அணி ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிட்டு அடுத்த ஓவியத்துக்குக் கிளம்பியது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் மட்டும் நகரவில்லை.

"அண்ணே, ஒரு கேள்வியில காமு, இன்னொன்னுல அவாக். ஏன் ரெண்டு விதமா கூப்பிடுறாரு?"

"அதெல்லாம் தாள்ல இல்லடா. வா, இன்னும் பதிமூணு இருக்கு."

சொன்னது நான்தான்.

அவன் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்பது வீட்டுக்குப் போகும்போது எம்ஆர்டியில்தான் உறைத்தது. மலாயில் முன்னால் இருப்பவரை அழைக்கப் பல வாசல்கள் உண்டு. யாரிடம் எந்த வாசலைத் தட்டுவது என்பதில் தடுமாறாமல் அந்த மொழியைப் புதிதாகக் கற்றவர் யார்? நீ என்பதா நீங்கள் என்பதா என்று திண்டாடும் நமக்கா இது புரியாது? கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள், பெயரையும் இருப்பிடத்தையும் சொல்வதற்கே புதிதாக ஒரு மொழியைக் கற்றுக்கொள்கிறார்கள். கேட்பவர் தங்களை எப்படி அழைக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் கற்றாக வேண்டும். பையன் கரும்பலகையை வாசித்தான். நாங்கள் மேசையை டிக் அடித்தோம்.

2015இல் நேஷனல் கேலரி திறந்தபோது, சிங்கப்பூர் ஓவியங்களின் நீண்டகாலக் கண்காட்சிக்கு இந்தப் பலகையின் முதல் கேள்வியையே பெயராக வைத்தார்கள். இரண்டாவதை விட்டுவிட்டார்கள். இரண்டில் கடினமானது அதுதான் என்பது என் எண்ணம்.

வட்டமேசை சமத்துவத்தைக் குறிக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குறிக்கலாம். ஆனால் அந்த விடை கிடைத்ததும் கால் தானாக அடுத்த ஓவியத்துக்கு நகர்கிறது பாருங்கள், அதுதான் என் பிரச்சினை.

"புதிர் வைத்தால்தானே இளைஞர்கள் ஓவியத்தின் முன்னால் நிற்கிறார்கள்?" என்பார்கள். இதை நம்மைவிடத் தீவிரமாக நம்பிய ஓர் ஓவியர் இருந்தார். பிரிட்டனின் கிட் வில்லியம்ஸ். 1979இல் 'மாஸ்கரேட்' என்று ஒரு படப் புத்தகம் போட்டார். ஒரு தங்க முயலைச் செய்து மண்ணில் புதைத்துவிட்டு, அது இருக்கும் இடத்துக்கான துப்புகளைப் பதினைந்து ஓவியங்களுக்குள் வைத்தார். படங்களைச் சும்மா புரட்டிவிட்டுப் போகாமல் உற்றுப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. ஜனங்கள் மண்வெட்டியோடு ஊர் ஊராகக் கிளம்பிக் கண்ட இடத்திலெல்லாம் தோண்டினார்கள்.

புதிரின் விடை என்ன தெரியுமா? படத்தில் உள்ள ஒவ்வொரு உருவத்தின் கண்ணிலிருந்தும் கைவிரல், கால்விரல் வழியாக ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு போய் முட்டுவது படத்தைச் சுற்றியுள்ள சட்டத்தின் எழுத்துகளில். எழுத்துகளைக் கூட்டினால் இடம் கிடைக்கும். அதாவது விடை ஓவியத்துக்குள்ளேயே இல்லை, ஓரத்தில் இருக்கிறது! முகம், நிறம், ஒளி எதுவும் தேவையில்லை. கண்ணும் விரலும் அடிக்கோல் வைக்க இரண்டு புள்ளிகள், அவ்வளவே. போதாக்குறைக்கு, 1982இல் முயலை எடுத்துப் போனவர் புதிரையே விடுவிக்கவில்லை. ஓவியருக்கு முன்பு நெருக்கமாக இருந்தவர் வழியாகத் தகவல் கசிந்தது என்று 1988இல் செய்தி வந்தது. முறையாக விடுவித்தவர்கள் இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள். பாவம், முயல் அவர்கள் கைக்கு வரவில்லை. பரிசு என்று ஒன்று இருந்தால் குறுக்கு வழியும் இருக்கும். எங்கள் வேட்டையிலும் ஓர் அணி விடைகளை கூகளில் தேடித்தான் ஜெயித்தது.

புதிரே கூடாது என்றும் சொல்லமாட்டேன். ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதர்கள்' லண்டனில் இருக்கிறது. நான் திரையில்தான் பார்த்திருக்கிறேன், மடிக்கணினியைச் சாய்த்துச் சாய்த்து. பட்டும் ரோமத் தோலும் அணிந்த இரண்டு பேர், நடுவில் அலமாரி நிறையக் கருவிகள், கம்பி அறுந்த ஒரு வீணை போன்ற வாத்தியம். கீழே தரையில் சாய்வாக என்னமோ இழுபட்டுக் கிடக்கிறது. பக்கவாட்டில் போய் நின்று பார்த்தால் அது மண்டையோடு. இந்த இடத்தில் வேட்டைக்காரர்கள் "கண்டுபிடிச்சாச்சு, மரணம்!" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அதே கோணத்தில் நின்று மறுபடி அந்த இரண்டு பேரையும் பாருங்கள். மண்டையோடு நேரானதும் மனிதர்கள் கோணலாகிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாது. அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். விடை தெரிந்த பிறகும் தீராத புதிர் இது.

இதை இலக்கிய இதழில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம். நாம் கவிதை வாசிப்பதும் இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. கவிதையில் காகம் வந்தால் அது முன்னோர். கதவு வந்தால் விடுதலை. மழை வந்தால் காமம். 'குறியீடு' என்ற ஒரே சாவியை வைத்துக்கொண்டு எல்லா வீட்டையும் திறந்து பார்க்கிறோம், ஒரு வீட்டிலும் உட்காருவதில்லை. பள்ளியில் பத்து வருடம் கருத்தறிதல் எழுதி எழுதி, மதிப்பெண் கிடைத்ததும் பத்தியை மறந்துவிடும் பழக்கம் நமக்கு எலும்பில் இறங்கிவிட்டது. கவிதை வாசிப்பு முடிந்ததும் கவிஞரிடமே மைக்கை நீட்டி, "நீங்க என்ன சொல்ல வர்றீங்க?" என்று கேட்கிறோமே, அது விடைத்தாளைத்தான் கேட்பது.

அந்தப் பையன் அதற்குப் பிறகு எங்கள் குழுவுக்கு வரவில்லை. தேர்வு நேரம் என்றார்கள். இருக்கலாம்.

இப்போது வேட்டையின் இரண்டாம் சுற்று வருகிறது. போன முறை ரொம்ப நன்றாக இருந்ததாம், இந்த முறை முப்பது கேள்விகள் வேண்டுமாம். நான் தயாரிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு கேலரி வாசலில் நிற்பேன். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம். ஒரே ஓர் ஓவியம், அரை மணி நேரம். எந்த ஓவியம் என்பதை உள்ளே போய் முடிவு செய்யலாம். வருபவர்கள் வரலாம். பென்சில் வேண்டாம்.