படித்து முடித்துவிட்ட வைத்தியர்கள்!

மனிதனுக்கு வருகின்ற வியாதிகளில் மனோவியாதியைப் போல் மூடநம்பிக்கைக்கும் கொடுமைக்கும் இடங்கொடுத்த வியாதி வேறொன்று இல்லை. காய்ச்சல் வந்தவனைப் பாயில் படுக்க வைத்தார்கள். மனம் கலங்கியவனையோ சங்கிலியில் கட்டினார்கள். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. கால் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட முடியாமல் வெந்து மாண்டவர்கள் உள்பட 28 பேர் செத்தார்கள். எந்தத் தெய்வமும் வந்து சங்கிலியை அவிழ்க்கவில்லை.

ஆகையால்தான் "பேயோட்டியிடம் போகாதே, வைத்தியரிடம் போ" என்று நாம் ஊர் ஊராய்ச் சொல்லி வருகின்றோம், இனியும் சொல்லுவோம். ஆனால் அப்படிச் சொல்லி ஜனங்களை அனுப்பி வைக்கின்ற நமக்கு ஒரு பொறுப்பு இருக்கின்றதா இல்லையா? நாம் அனுப்புகின்ற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் இன்றைய அறிவைக் கொண்டு வைத்தியம் செய்கின்றாரா, அல்லது இருபது வருஷத்துக்கு முன் மனப்பாடம் செய்த பாடத்தையே மந்திரம் போல் ஒப்பிக்கின்றாரா என்று கேட்க வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

நமக்குத் தெரிந்த ஒரு மில் தொழிலாளியின் மனைவிக்கு லித்தியம் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. அது நல்ல மருந்துதான். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற வைத்தியர் அதன் பயனை எடுத்துக்காட்டிய பிறகு எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கின்றது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் ஏறினாலும் விஷமாகும். அடிக்கடி இரத்தம் பரிசோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். மூத்திரப் பையையல்ல, மூத்திரக் காய்களையும் தொண்டைச் சுரப்பியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மாளுக்கோ பதினோரு வருஷமாக அதே சீட்டு, அதே அளவு. கை நடுங்கிச் சோற்றுக் கவளம் வாய்க்குப் போகாத நிலைமையிலும் "வியாதி அப்படித்தான்" என்று பதில். பிறகு ஓர் இளம் வைத்தியர் இரத்தத்தைப் பரிசோதித்து அளவைக் குறைத்தார், நடுக்கம் நின்றது. முன்னவர் கெட்டவர் அல்லர். ஏழையிடம் பணம்கூட வாங்காதவர். அவர் செய்த குற்றமெல்லாம், தாம் படித்து முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டதுதான்.

இது ஒரு தனி மனிதருடைய குற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. மனோவியாதி வைத்தியத்தின் சரித்திரத்தையே எடுத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்து டிரென்டன் ஆஸ்பத்திரியில் 1907 முதல் 1930 வரை தலைமை வகித்தவர் ஹென்றி காட்டன் என்பவர். பைத்தியத்துக்குக் காரணம் உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் சீழ்தான் என்று அவர் நம்பினார். நம்பியதும் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். குணமாகாவிட்டால் தொண்டைச் சதையை அறுத்தார். அதற்கும் குணமாகாவிட்டால் குடலையே வெட்டினார். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குணமடைந்தார்கள் என்று மேடையேறிப் பேசினார். பத்திரிகைகள் புகழ்ந்தன. 1924-இல் பில்லிஸ் கிரீனேக்கர் என்ற பெண் வைத்தியர் கணக்கை எடுத்துச் சரிபார்க்கத் தொடங்கினார். குணமென்று சொன்னது பொய்க்கணக்கு, சாவுதான் மெய்க்கணக்கு என்று தெரிந்தது. ஆனால் அந்த அறிக்கை வெளிவராமல் அமுக்கப்பட்டது; பல் பிடுங்கலும் நின்றபாடில்லை. காட்டன் அயோக்கியரா? இல்லை. தம் சொந்தப் பிள்ளைகளின் பற்களையும் பிடுங்கினவர் அவர். அவ்வளவு மனப்பூர்வமான நம்பிக்கை! மனப்பூர்வமான நம்பிக்கையைப் போல் ஆபத்தான ஆயுதம் உலகத்தில் வேறு உண்டா?

அடுத்ததைப் பாருங்கள். 1935-இல் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸ் என்பவர் மூளையின் முன்பக்க நரம்புகளை வெட்டும் சிகிச்சையைத் தொடங்கினார். அதற்காக 1949-இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வால்டர் பிரீமன் 1946 முதல் கண்குழி வழியாக ஊசிக் கம்பியைச் செலுத்தி மூளையைக் கிழித்தார். 1952-இல் பாரிசில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தினால் மனோவியாதிக்காரர் தெளிவடைவதைக் கண்டார்கள். சில வருஷங்களில் அது உலகமெங்கும் பரவிவிட்டது. ஆனால் பிரீமன் கம்பியைக் கீழே வைத்தது எப்போது? 1967-இல்! அந்தக் கடைசி நோயாளியும் செத்த பிறகுதான். புதிய மருந்து வந்தது 1952-இல், பழைய கம்பி போனது 1967-இல் என்றால், இடையிலுள்ள பதினைந்து வருஷத்துக்கு யார் பதில் சொல்லுவது?

"இவையெல்லாம் வெளிநாட்டுப் பழங்கதை, இன்றைக்கு எந்த வைத்தியர் அப்படிச் செய்கின்றார்?" என்று சிலர் கேட்கலாம். சரி, நம் நாட்டுக்கே வருவோம். ஒரே பாலினத்தாரிடம் அன்பு கொள்வது வியாதியல்ல என்று அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் 1973-இலும், உலக சுகாதார ஸ்தாபனம் 1990-இலும் தங்கள் வியாதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. ஆனால் நம் நாட்டில் பெற்றோர் இழுத்துக்கொண்டு வருகின்ற பிள்ளைகளை "மாற்றிக் காட்டுகின்றேன்" என்று பணம் வாங்கினவர்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள். 2021-இல் சென்னை ஹைக்கோர்ட்டுதான் அதைத் தடுக்கும்படி உத்தரவு போடவேண்டியிருந்தது. அந்த வழக்கில் நடந்த ஒரு காரியத்தை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதி, "இந்த விஷயம் எனக்குச் சரியாய் விளங்கவில்லை, முதலில் நான் கற்றுக்கொள்ள வேண்டும்" என்ற கருத்தைப் பகிரங்கமாய்ச் சொல்லி, மனோதத்துவம் தெரிந்த ஒருவரிடம் போய்ப் பாடம் கேட்டு வந்தார். நீதிபதிக்கு இருந்த அந்த யோக்கியதை, வைத்தியம் படித்தவர்களுக்கு இருக்கக்கூடாதா?

இனிச் சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். 2002-ஆம் வருஷத்து வைத்திய ஒழுக்க விதிகளின்படி ஒரு வைத்தியர் ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் புதிய விஷயங்களைக் கற்க வேண்டுமாம். தோழர்களே, கணக்குப் போடுங்கள். 30 மணி என்பது 1,800 நிமிஷம். ஐந்து வருஷம் என்பது 1,826 நாள். தினத்துக்கு ஒரு நிமிஷங்கூட முழுதாய் இல்லை! பல் துலக்குகின்ற நேரத்தைவிடக் குறைவு. இதில் மனிதனுடைய மனத்தைப் பற்றி உலகமெல்லாம் செய்கின்ற ஆராய்ச்சியைத் தெரிந்துகொண்டுவிட முடியுமா?

"எனக்கு முப்பது வருஷ அனுபவம்" என்பார்கள். அனுபவம் வேண்டியதுதான். ஆனால் 2005-இல் வைத்தியர்களின் வேலைத் திறத்தைப் பற்றிய 62 மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவைகளில் வருஷம் ஏற ஏறத் திறம் குறைந்திருக்கக் கண்டார்கள். ஒரே தப்பை முப்பது வருஷம் செய்வதும் அனுபவந்தானே!

அதற்காகப் புதிது என்று சொல்லப்படுவதையெல்லாம் அப்படியே நம்பிவிடச் சொல்லுகின்றோமா? ஒருக்காலும் இல்லை. பழையது என்பதற்காக ஒன்றை ஏற்பது மடமை. புதியது என்பதற்காக ஏற்பதும் மடமையே. மனச்சோர்வுக்குரிய மருந்துகளைப் பற்றி அமெரிக்க அரசாங்க இலாகாவில் பதிவான 74 சோதனைகளை 2008-இல் சரிபார்த்தார்கள். மருந்து நல்ல பலன் தந்ததாக இருந்தவை 38. அவைகளில் 37 பத்திரிகைகளில் வெளிவந்தன. பலன் சரியாக இல்லாதவை 36; அவைகளில் 22 வெளிவரவே இல்லை; 11 நல்ல பலன் போல் திரித்து எழுதப்பட்டன; 3 மாத்திரமே உள்ளது உள்ளபடி வந்தன. வாசலில் வெற்றிக்கொடி, கொல்லையில் குழிதோண்டிப் புதைப்பு! இந்த நிலையில் மருந்துக் கம்பெனி ஆளே வந்து விருந்து வைத்துப் புதிய ஆராய்ச்சியைப் போதித்தால், அது கல்வியா, வியாபாரமா?

உடனே நம் எதிரிகள், "பார்த்தீர்களா, உங்கள் விஞ்ஞானத்தின் யோக்கியதையை! எங்கள் பூசாரியே மேல்" என்று குதிப்பார்கள். அவர்களை ஒன்று கேட்கின்றோம். காட்டனின் பொய்க்கணக்கைக் கண்டுபிடித்தது யார்? இன்னொரு வைத்தியர். மறைத்த சோதனைகளை வெளியே இழுத்தது யார்? ஆராய்ச்சிக்காரர்கள். விஞ்ஞானத்தின் தப்பை விஞ்ஞானமே கணக்குப் பார்த்துத் திருத்துகின்றது. வேப்பிலை அடித்ததில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று எந்தப் பூசாரியாவது என்றைக்காவது கணக்கு எழுதியதுண்டா? கணக்கே இல்லாதவனிடம் தப்பு எப்படித் தெரியும்?

வைத்தியர்கள் மீது மாத்திரம் பழிபோடவும் நாம் தயாராயில்லை. 2016-இல் வெளிவந்த தேசிய மனநல ஆய்வின்படி இந்நாட்டில் லக்ஷம் ஜனத்துக்கு ஒரு மனோவைத்தியர்கூட இல்லை. காலையிலிருந்து நூறு பேரைப் பார்க்கின்றவர் எப்போது படிப்பார்? ஆகவே நாம் கேட்பது இவைதான். படிப்பதற்கென்று வேலை நேரத்திலேயே அரசாங்கம் நேரம் ஒதுக்க வேண்டும். அந்தப் படிப்புக்கு மருந்துக் கம்பெனியின் காசு ஒரு தம்பிடியும் வரக்கூடாது. பலித்தது, பலிக்காதது எல்லாச் சோதனைகளும் வெளிவர வேண்டும். வைத்தியருக்கு மாத்திரமல்ல, நர்சுக்கும், ஆலோசனை சொல்லுபவருக்கும், கிராமச் சுகாதார ஊழியருக்கும் அந்த விஷயங்கள் நல்ல தமிழில் கிடைக்க வேண்டும்.

அதுவரையில் நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடுக்கின்றது. மயக்கமருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்சார சிகிச்சை செய்வதைத் தடுக்கின்றது. தன் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பார்க்க நோயாளிக்கு உரிமை கொடுக்கின்றது. ஆகவே வைத்தியரிடம் போங்கள். மருந்தை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். ஆனால் கைகட்டி நிற்காதீர்கள். "இது என்ன வியாதி? இந்த மருந்து பலிக்கும் என்பதற்கு என்ன ருசு? என்ன கெடுதல் வரும்? எத்தனை நாளைக்கு? எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல வைத்தியர் சந்தோஷமாய்ப் பதில் சொல்லுவார். தெரியாததைத் தெரியாது என்பார். படித்துவிட்டு வந்து சொல்லுகின்றேன் என்பார். கோபித்துக்கொள்ளுகின்றவர் யாராயிருந்தாலும், அவர் கழுத்தில் தொங்குவது குழாயாயிருந்தாலும் சரி, உருத்திராக்ஷமாயிருந்தாலும் சரி, இரண்டும் ஒன்றுதான்.